தாளில் சுற்றிய ட்ரௌட்

மே மாத மாலைகளில் மேஃபிளைப் பூச்சிகள் ஆற்றிலிருந்து ஈசல்போல் எழும்போது, ரெய்னர்ஸ் லேன் பெற்றோல் ஸ்டேஷன்காரர் வேலை உடுப்போடேயே தூண்டிலுடன் ஆற்றங்கரையில் என் பக்கத்தில் வந்து நிற்பார். இறகு சுற்றிய பொய்ப்பூச்சியை நீர்மேல் மிதக்கவிட்டு ட்ரௌட் மீன் பிடிப்பார். பிறகு அது தானாக நீந்திப் போகும்வரை தண்ணீருக்குள் ஏந்தியிருப்பார்.

“ஒண்டையாவது கறிக்குக் கொண்டுபோங்கோவன், அண்ணை” என்றேன்.

“ஊரில மகன் காணாமல் போய் நாலு வருஷம், தம்பி. அண்டையில இருந்து மீன், இறைச்சி எண்டு ஒரு மச்சமும் வாயில வைக்கிறேல்லை. செத்தவீடெண்டால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிய மீன் தின்னலாம். நான் எந்த நாளில இருந்து எண்ணுறது?”

அடுத்த மே மாதம், பிடித்த முதல் மீனை அவர் விடவில்லை. தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தார். செய்தி வந்ததா, அவராகவே ஒரு நாளைக் குறித்துக்கொண்டாரா?