எலி அறைக்குள் சூடம்

கவலைக்கு மாத்திரை உண்டு என்பதே அட்டுவம்பட்டிப் பக்கத்து ஆராய்ச்சிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். கொடைக்கானலுக்கு செல்போன் கோபுரம் புதுசாக வந்திருந்த காலம். அந்த மாத்திரையை மனுசருக்குக் கொடுத்து நான் பார்க்கவில்லை, சுண்டெலிக்குத்தான் கொடுத்தார்கள். எலிக்கு என்ன கவலை? கூரை ஒழுகுதா, மாமியார் ஏசுறாளா? வேளாவேளைக்குத் தீனி, படுக்க மரத்தூள், ஓடி விளையாட ஆளுக்கொரு சக்கரம். எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் இப்படி ஒருத்தரும் வாழ்ந்ததில்லை.

ஆராய்ச்சி செய்தது விருதுநகர்ப் பக்கத்துப் பொண்ணு. நான் வாய் திறந்து கேட்க மாட்டேன் என்று தெரிந்து அதுவாகவே சொல்லும். "எலிக்குள்ளயும் ஒரு கடிகாரம் இருக்கும்மா. இருட்டுலயே போட்டு வச்சாலும் அதும்பாட்டுக்கு முழிக்கும், தூங்கும். இந்த மருந்து அந்தக் கடிகாரத்தத் தள்ளி வைக்குதான்னு பாக்கேன்."

அதனால் பாதி எலிக்கு மருந்து கலந்த தண்ணி, பாதிக்குப் பச்சைத் தண்ணி. சக்கரம் சுத்தினால் கம்ப்யூட்டர் கோடு போட்டுக்கொள்ளும். அறைக்குள் மங்கலான சிவப்பு பல்பு மட்டும்தான். எலிக் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாதாம். தை பிறப்பதற்குள் இதை முடிக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டு வரவேண்டும் என்று அவள் வீட்டில் கெடு.

இருட்டுக்குக் காவல் எங்கள் பேராசிரியர். ஒருநாள் என் சேலை முந்தி கதவிடுக்கில் மாட்டி, கதவு சரியாகச் சாத்தவில்லை. "உள்ள வெளிச்சம் பட்டுச்சுன்னா ஆராய்ச்சியே போச்சும்மா!" என்று அவர் போட்ட சத்தம் கவுஞ்சி ஊர்வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆயுத பூசை வந்தது. தராசுக்குப் பொட்டு, ஃப்ரிட்ஜுக்குத் திருநீற்றுப் பட்டை, ஜீப்புக்கு மாலை. பூசணிக்காயும் உடைத்தாயிற்று. அந்தப் பொண்ணு பொரியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பேராசிரியர், "அடடா, எலி ரூம் மெஷின விட்டுட்டமே!" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"சார், உள்ள வெளிச்சம் ஆகாது சார்!" என்று அவள் பின்னாலேயே ஓடினாள்.

"சூடந்தானம்மா. பூசை பண்ணாத மெஷின் வருசம் பூரா மக்கர் பண்ணும்."

கட்டி கட்டியாகச் சூடம், கூடவே மணி. கூண்டு கூண்டாகக் காட்டினார். எலியெல்லாம் சக்கரத்தை விட்டிறங்கி, பின்னங்காலில் நின்று சாமி கும்பிடுகிற மாதிரியே பார்த்தன. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

மறுநாளிலிருந்து எலிகள் பிந்தி முழித்தன. கொஞ்ச நாளில் பார்த்தால், கம்ப்யூட்டர் போட்ட கோடெல்லாம் பூசை நாளிலிருந்து ஒரேயடியாக விலகிக் கிடந்தது. பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, மருந்து வேலை செய்யுது!"

"பச்சைத் தண்ணி குடிச்ச எலியும் பிந்தித்தானே சார் முழிக்குது?" என்றாள் அவள்.

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, கதவத் தொறந்து போட்டியா?"

"அவுங்க இல்ல சார். நீங்கதான், ஆயுத பூசைக்கு."

"அது சாமி வெளிச்சம்மா. அதெல்லாம் இதுல சேராது."

"எலிக்கு அது தெரியாதுங்களே சார்."

பின்னால் நின்ற ஜீப் டிரைவர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

மருந்து குடித்த எலிகளை மட்டும் எழுதி, மற்றதை விட்டுவிடு என்றார் பேராசிரியர். எழுதியிருந்தால் தைக்குள் படிப்பு முடிந்திருக்கும். அவள், "மருந்து செஞ்சதா சூடம் செஞ்சதான்னு எனக்கே தெரியாம எப்படி சார் எழுத?" என்று சொல்லிவிட்டு, சிக்னல் கிடைக்கிற கேட்டுப் பக்கம் போனாள்.

"முதல்ல இருந்து செய்யணும்ப்பா. தைக்கு முடியாது, ஆடி ஆகும்." அப்பா போட்ட சத்தம் போனைத் தாண்டி எனக்குக் கேட்டது. இவள் அழுதாள், ஆனால் சொன்னதை மாற்றவில்லை. எலிக்குக் கொடுக்கிற கவலை மருந்துத் தண்ணியில் ஒரு மடக்கு இவளுக்குக் கொடுக்கலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. கடைசியில் அப்பா இறங்கி வந்திருப்பார் போல, "சரிப்பா, ஆடிக்குள்ள. சத்தியமா," என்று போனை வைத்தாள்.

மூக்கைச் சிந்திவிட்டு, "வெரசா வாங்கம்மா, கூண்டெல்லாம் கழுவணும். புது எலி வருது," என்றாள். புது எலி வந்த அன்றைக்கே கடைவீதியில் ஒரு பூட்டும் வாங்கி வந்து எலி அறைக் கதவில் மாட்டினாள். சாவி அவள் கழுத்தில்.

அடுத்த வாரம் பேராசிரியர் கதவைத் தட்டினார். "உள்ள வரலாமாம்மா?"

"எலி ஓடுற நேரம் சார். கொஞ்சம் வெளியவே நில்லுங்க."

நின்றார். நான் அவர் காலைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனேன்.