முப்பது போத்தலும் ஒரு வெண்கல மணியும்

வீரம்மாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்காமல் போனதற்குக் காரணம் என் கையெழுத்து. அவருக்கு எழுதத் தெரியாது. எழுதியவன் நான், அதுவும் புதுப் பேனாவால், அழகாக, வரிசை எண் போட்டு எழுதினேன். அவருடைய மனு தள்ளுபடியாகி ஏழு வருஷம் ஆகிறது.

நான் பைஸர். தலவாக்கலையில், ஸ்டேஷனிலிருந்து கடைத்தெருவுக்கு வரும் வழியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறேன். வீரம்மா எனக்குப் பால் ஊற்றுகிறவர். ஒன்றரை மைல் தள்ளியிருக்கும் தோட்டத்தில் கொழுந்து பறிப்பார். குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு தொழுவத்தில் மாடு வைத்திருந்தார். புருஷன் இறந்து, ஒரே மகளைக் கந்தப்பளையில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தவர். அவர் பிறந்ததும் அதே தோட்டத்து லயத்தில்தான். கடலை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. இதை மறந்துவிடாதீர்கள்.

1951 தை மாதம் ஒரு நாள் காலையில் பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றார். அப்போது அவரிடம் இருந்தது ஒரே மாடு. எனக்கு நாளைக்கு நாலு போத்தல் தருவார்.

“மொதலாளி, ஒரு கொப்பி இருந்தா தாங்க. எத்தன போத்தல் ஊத்துறேன்னு தெனமும் கோடு போடணும்.”

“மாசக் கடைசியில நாந்தான் சரியா குடுக்குறேனே. என் மேல நம்பிக்கையில்லையா?”

“காசுக்காக இல்லீங்க. நாலு எப்ப பத்தாகுது, பத்து எப்ப முப்பதாகுதுன்னு எனக்குத் தெரியணும்.”

நான் சிரித்துவிட்டேன். கல்லாவுக்குப் பின்னால் எத்தனையோ வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வருகிற வியாபாரம் வரட்டும் என்பதற்கு மேல் நான் எந்தத் திட்டமும் போட்டதில்லை. இந்த அம்மாவோ நின்ற நிலையிலேயே நாலு இலக்குகளைச் சொன்னார். அடுத்த தைக்குள் நாளைக்குப் பத்து போத்தல். அதற்குப் பிறகு மூன்று மாடும், டவுனில் இன்னும் இரண்டு கடைகளும். மூன்றாவது, முப்பது போத்தல். நாலாவது, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு டவுன் ஓரத்தில் சொந்தமாக ஒரு தொழுவம்.

நான் எல்லாவற்றையும் எழுதி முடித்தேன். அவர் கொப்பியை எட்டிப் பார்த்தார்.

“சாமிக்குன்னு எழுதுற வரி எங்க? அது இல்லாம தொழில் தொடங்குவாங்களா?”

தோட்டத்தில் அது வழக்கம். கோழி வளர்த்தாலும் சரி, மாடு வாங்கினாலும் சரி, முதலில் குலதெய்வத்துக்கு ஒன்றை நேர்ந்துகொண்டுதான் ஆரம்பிப்பார்கள். அந்தத் தெய்வம் இருப்பது இந்தியாவில், தாத்தா காலத்தில் விட்டுவந்த ஏதோ ஓர் ஊரில். வீரம்மாவின் சாமி முசிறிப் பக்கம் இருந்தது. அந்தக் கோயிலை அவர் பார்த்ததில்லை. அம்மா சொல்லக் கேட்டதுதான்.

“உங்க கருப்பண்ணசாமிக்கும் என் கடைப் பால்ல பங்கா?” என்று கிண்டல் செய்தேன்.

“அவரு மனசு வைக்காம மாடு கறக்குமா மொதலாளி? எழுதுங்க. முப்பது போத்தல் வந்துட்டா ஊருக்குப் போயி என் கையால மணி கட்டுறேன். ஒவ்வொரு படி ஏறுறப்பவும் பொங்கலுக்கு அஞ்சு ரூவா அனுப்புறேன்.”

பக்கத்தின் தலையில் இடம் இருந்தது. அங்கே பெரிய எழுத்தில் எழுதினேன்.

அன்று முதல் ஒரு போத்தலுக்கு ஒரு கோடு. அவரே பென்சிலால் போடுவார். மாதம் பிறந்ததும் இருவரும் உட்கார்ந்து கோடுகளை எண்ணி, போன மாதத்தோடு ஒப்பிடுவோம். குறைந்திருந்தால் விடமாட்டார். எந்த மாடு, எந்த வாரம், மழையா, புல்லா என்று குடைந்தெடுப்பார். ஒரு ஆடி மாதம் கோடுகள் ஒரேயடியாகக் குறைந்தன. மழையில் கொழுந்து நிறுத்து முடிய நேரமாகி, இருட்டில் கைக்கு வந்த புல்லை அறுத்துப் போட்டதுதான் காரணம் என்று கொப்பியைப் பார்த்தே கண்டுபிடித்தார். அடுத்த வாரமே லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த அழகனிடம் புல் அறுத்துத் தரச் சொல்லிவிட்டு, அதற்கு ஈடாக அவன் பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு போத்தல் கொடுத்தார். அந்தப் போத்தலைக் கோட்டில் சேர்க்கவே இல்லை.

“அதுவும் உங்க மாட்டுப் பால்தானே? சேத்துக்கிட்டா என்ன?” என்று கேட்டேன்.

“யாவாரத்துக்குப் போகாதது யாவாரக் கோட்டுல எதுக்குங்க?”

முதல் தையில் எட்டு போத்தல்தான் வந்தது. ஐந்து ரூபாயை அனுப்பிவிடலாமே, சாமி கோபித்துக்கொள்ளவா போகிறது என்றேன். எட்டு எட்டுதான், பத்து ஆகாது என்று சொல்லிவிட்டார். பத்து ஆவதற்கு இன்னும் ஏழு மாதம் பிடித்தது. அன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போய், அந்த ஊர்ப் பூசாரி பெயருக்கு மணியோடர் அனுப்பினார். ரசீதைச் சோற்றுப் பருக்கையால் கொப்பியின் முதல் பக்கத்தில், முதல் இலக்குக்கு நேரே ஒட்டினார். படி ஏறியதற்கு அதுதான் அடையாளம். 1954இல் இரண்டாவது ரசீது. 1957 தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் ஐந்து மாடு, மூன்று கடை, முப்பது போத்தல். மூன்றாவது ரசீதும் ஏறியது. அந்த வாரமே கண்டிக்கு பஸ் ஏறிப் போய் ஒரு வெண்கல மணி வாங்கிவந்தார். லயத்தில் வைத்தால் பிள்ளைகள் அடித்து விளையாடும் என்று என் அலுமாரியில் வைக்கக் கொடுத்தார். ஹவ்வா உம்மா, என் மனைவி, அதைத் தன் பழைய சேலையில் சுற்றி வைத்தாள்.

உண்மையில் எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த ஏழு வருஷத்தில் என் கடையில் ஒரு மேசை கூட அதிகமாகவில்லை.

சிக்கல் அந்த வளர்ச்சியிலேயே வந்தது. இரண்டு மாடு வரைக்கும் தோட்டத்துத் துரை கண்டுகொள்ளவில்லை. ஐந்து ஆனதும், லயத்துக்குப் பின்னால் இத்தனை மாடு கட்டக்கூடாது, ஆறு மாதத்துக்குள் வேறு இடம் பார் என்று உத்தரவு போட்டுவிட்டார். டவுன் ஓரத்தில் தொழுவத்துக்கு நிலம் குத்தகைக்கு இருந்தது. ஆனால் பிரஜாவுரிமைக் கடதாசி இல்லாதவர்களுக்கு அது கிடையாது. தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், இங்கேயே பிறந்திருந்தாலும், மனுப் போட்டுத்தான் அந்தக் கடதாசியை வாங்க வேண்டும். வீரம்மா 1951இலேயே மனுப் போட்டிருந்தார். விசாரணைக்கு அழைப்பு வந்தது 1958 மாசியில். கடதாசி வந்தால் நாலாவது இலக்கு கைக்கு வந்துவிடும். வராவிட்டால் மாடுகளை விற்க வேண்டியதுதான்.

எனக்கு அந்தத் தலைவலி கிடையாது. என் வாப்பாவும் அவருடைய வாப்பாவும் கம்பளையில் பிறந்தவர்கள். நான் யார் என்று என்னை யாரும் கேட்டதில்லை. அதனால்தான் எனக்குப் புத்தி அவ்வளவு தைரியமாக வேலை செய்தது.

“நிலையா இங்க இருக்கீங்களா, வருமானம் இருக்கான்னுதானே கேப்பாங்க. அந்தக் கொப்பிய எடுத்துக்கிட்டு வாங்க. ஏழு வருசம், ஒரு நாள் விடாம கோடு இருக்கு. இதவிட என்ன சாட்சி வேணும்?” என்று சொன்னவன் நான்.

சாட்சியாக நானும் நுவரெலியாவுக்குப் போனேன். விசாரணை அதிகாரி நல்ல மனிதராகவே தெரிந்தார். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். தோட்டத்தில் வேலை செய்வதாகச் சொல்லும் செக்ரோல் கடிதத்தைப் பார்த்தார், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் பார்த்தார். நான் கொப்பியை நீட்டினேன். அவர் நடுவில் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி, பென்சில் நுனியால் கோடுகளை எண்ணினார். இந்தப் பெண்பிள்ளையைப் போல என் கந்தோரில் வேலை செய்ய ஒருவரும் இல்லை என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். நான் வீரம்மாவைப் பார்த்துத் தலையசைத்தேன். முடிந்தது, நிலம் கிடைத்தாயிற்று என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவர் முதல் பக்கத்துக்கு வந்தார்.

மூன்று ரசீதுகளையும் விரலால் தடவினார். தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் படித்துச் சொன்னார். ஏழு வருஷம் மாதா மாதம் பார்த்த பக்கம். ஒரு தடவை கூட அதை வேற்று மனிதனின் கண்ணால் நான் பார்த்ததில்லை.

“இந்தியாவுக்குப் பணம் அனுப்பியிருக்கீங்க?”

“சாமிக்குங்க.”

“அங்க போறதா எழுதியிருக்கு. போவீங்களா?”

நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். வீரம்மா காலை இழுத்துக்கொண்டார்.

“போகாம இருக்கலாமாங்க? வேண்டிக்கிட்டது.”

“போனா?”

“மணியக் கட்டிட்டு மறு கப்பல்ல வந்துருவேன். அஞ்சு மாடு நிக்குது. யாரு கறக்குறது?”

மொழிபெயர்ப்பாளர் எவ்வளவைச் சொன்னார், எவ்வளவை விழுங்கினார் என்று எனக்குத் தெரியாது. அதிகாரி சிரிக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். கொப்பியை மூடி, மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

சித்திரை கழிந்து கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் என்னிடம் கொண்டுவந்தார். நிரந்தரமாக இலங்கையில் குடியிருக்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை. ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது. கீழே மூன்று தேதிகள், மூன்று மணியோடர்கள். அதற்குக் கீழே, இந்தியா செல்லும் நோக்கம் மனுதாரரின் சொந்தக் குறிப்பில் காணப்படுகிறது என்று ஒரு வரி. சொந்தக் குறிப்பாம். என் கையெழுத்து. இரண்டாயிரத்து ஐந்நூறு நாள் விடிந்ததும் என் கடை வாசலில் நின்றவர், இந்த ஊரில் இருக்க எண்ணமில்லாதவராம்.

நுவரெலியாவில் வக்கீல் வேலை பார்க்கும் ஒரு பிரக்கிராசியிடம் ஓடினேன். அப்பீல் செய்யலாம், ஆனால் அந்த வேண்டுதலைக் கைவிட்டுவிட்டேன், இந்தியாவுக்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை என்று அந்த அம்மா சத்தியக் கடதாசியில் கைநாட்டு வைக்க வேண்டும் என்றார் அவர். நான் அதை வீரம்மாவிடம் சொன்னேன்.

“மாட்டேங்க.”

“ஒரு கைநாட்டுத்தானே? கருப்பண்ணசாமி கவர்மெண்டுக் கச்சேரிக்கு வந்து பாக்கப் போறாரா?”

“பத்து வராதப்ப பத்துன்னு எழுதச் சொன்னனா? இப்ப இத மட்டும் எப்படிங்க பொய்யா எழுதுறது?”

நான் கத்தினேன். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி, என் வீட்டு மனுஷியைத் திட்டுவதுபோல் திட்டினேன். அந்தக் கோபம் அவர் மேல் வந்தது அல்ல. எனக்கே அது தெரியும். அவர் பால் கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

ஆறு மாதத் தவணை முடிவதற்குள் மூன்று மாடுகள் விலைபோயின, இரண்டுதான் மிஞ்சின. அடுத்த நாள் கொப்பியை எடுத்து, பன்னிரண்டு கோடு போட்டார். இனி எதற்கு இந்தக் கோடு என்று எனக்குத் தோன்றியது. மாதம் பிறந்ததும் வழக்கம்போல எதிரே உட்கார்ந்து, எண்ணுங்க மொதலாளி என்றார். எண்ணினேன். அவர் மணி கட்டவும் போகவில்லை. போனால் திரும்பி இறங்க விடமாட்டார்கள் என்று ஆகிவிட்டது. போகப்போகிறவர் என்று சொல்லித் தள்ளப்பட்டவர், போக முடியாமலே இங்கே இருந்தார்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் காலைப் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது. இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்துவிட்டார்கள். கடதாசி இல்லாதவர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், மூன்று லட்சம் பேருக்கு இங்கே உரிமை. கடையில் இருந்தவர்களுக்காக நான் சத்தமாகப் படித்தேன். படித்துக்கொண்டிருக்கும்போதே வீரம்மா கேனோடு உள்ளே வந்து நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை.

“அப்ப மணி கட்டுறதுக்கு அவங்களே அனுப்பிவைக்கப் போறாங்க,” என்றார்.

அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, தனக்குப் படிக்கத் தெரியாத அந்தப் பத்திரிகையைக் குனிந்து பார்த்தார்.

“திரும்பி வர்றதுக்கு அதுல என்ன போட்டிருக்கு மொதலாளி?”

நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மறுபடி படித்தேன். பின் பக்கத்தைத் திருப்பியும் பார்த்தேன். அதைப்பற்றி அதில் ஒன்றும் இல்லை. பத்திரிகையை மடித்துக் கல்லாவுக்கு அடியில் செருகினேன்.

அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கொப்பியை இழுத்து, பென்சிலை எடுத்து, அன்றைக்கு உரிய பன்னிரண்டு கோடுகளையும் போட்டார்.