எல்லோரும் சந்திக்க ஒரு சதுக்கம்

ஒஸ்லோவில் வசந்தம் வந்தால் பூவுக்கு முன் மரப்பட்டைத் தூள்தான் மணக்கும். இன்று காலை எல்லிங்ஸ்ருட் ரயில் நிலையத்தடியில், பூப்பாத்திகளில் அதைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நோர்வேக்காரர் இதைக் காட்டின் வாசம் என்பார்கள். எனக்கு முருங்கைக்காய் ஞாபகம் வந்தது. மூக்கில் கோளாறில்லை, காரணம் இருக்கிறது.

அந்தப் பாத்திகள் முன்பு கார்த் தரிப்பிடம். அலங்காரமென்றால் எண்ணெய்க் கறைதான். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ரத்தினம் அண்ணையின் மரக்கறி வான் அங்கே வந்து நிற்கும். பனி கொட்டினாலும் வரிசை நீளும். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருடைய கலியாணம் குழம்பியது, எல்லாம் வரிசையிலேயே தெரிந்துவிடும். அரைக்கிலோ முருங்கைக்காய் வாங்க ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.

பிறகு நகரசபைக்காரர் குடியிருப்பை அழகுபடுத்த நினைத்தார்கள். கருத்துக் கேட்கக் கூட்டம். நகர அமைப்புப் பற்றித் தடித்த புத்தகங்கள் படித்தவன் என்ற மிதப்பில் நான் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனேன். எழுந்து நின்று, "மரங்கள் நல்லவை" என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை.

திட்டம் வரைந்த இளம்பெண் தானே வாஃபிள் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். படத்தில் மரங்கள், ஆட்கள் இருக்க வாங்குகள், கோப்பி குடிக்கும் மனிதர்கள், ஒரு நாய். தரிப்பிடம் இல்லை. "எல்லோரும் சந்திக்க ஒரு இடம் வேண்டுமல்லவா? குறை இருந்தால் சொல்லுங்கள்" என்றாள்.

பக்கத்தில் ரத்தினம் அண்ணையின் மனைவி குசுகுசுத்தார்: "இஞ்சையப்பா, எங்கட வானை எங்கை விடுறது?"

"சும்மா இரும். பிள்ளை பாவம், கஷ்டப்பட்டுக் கீறியிருக்குது. அதின்ர வாஃபிளையும் திண்டுபோட்டுக் குறை சொல்லுறதே?"

"திண்டது நீங்கள். நான் தொடேல்லை. நான் சொல்லட்டே?"

அண்ணை அவசரமாக எழுந்து, "மிகவும் வடிவாக இருக்கிறது" என்று நோர்வே மொழியில் சொன்னார். தமிழர் எல்லோரும் தலையாட்டினோம். படம் வரைந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தரிப்பிடம் போனபின் அண்ணை வானை மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். அந்தக் காற்றில் ஒருவரும் ஏறி வரவில்லை. அடுத்த குளிருக்குள் வானை விற்றார். "நகரசபையிலை ஒருக்கால் போய்க் கதைப்பமே, அண்ணை?" என்று கேட்டேன்.

"என்னெண்டு கதைக்கிறது? நானெல்லோ முதல் எழும்பி வடிவெண்டனான்."

சதுக்கம் உண்மையாகவே வடிவுதான். வாங்குகளில் வெயில் வந்து இருக்கிறது. முருங்கைக்காய் இப்போது ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் கிடைக்கிறது. பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருக்கிறார்கள், எடுத்துக்கொண்டு வந்துவிடலாம், யாரோடும் கதைக்கத் தேவையில்லை. போன குளிர்காலத்தில் எனக்கு மேல்வீட்டில் இருந்த நடேசு மாஸ்டர் செத்துப்போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, அவருடைய மகன் கட்டிலைக் கழற்றி லிஃப்டில் இறக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.