இரண்டாவது குடம்

பிள்ளைகளே, உங்கள் அம்மா பாதியில் நிறுத்திவிடுகிற அந்தக் களைப் பாட்டின் மிச்சத்தையும் அதன் அர்த்தத்தையும் எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நான் எட்டாம் வகுப்பைக்கூட முடிக்காதவன். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

இங்கே அக்கராயன் வயல்களில் களை பிடுங்கும் பெண்களிடம்தான் அம்மா அதைப் பிடித்தாள். ஒருத்தி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். கணவன் ஊரைவிட்டுப் போய்விட்ட ஒரு பெண்ணின் கதை அது.

"ஒருகுடம் எனக்கெண்டு ஒருகுடம் அவருக்கெண்டு
இருகுடம் மொண்டேனே குளத்தங் கரையினிலே"

அம்மாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியைப் படிக்குமுன் அவளுக்கும் உங்களுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. தலைமன்னாரில் உங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டுத் தனியே திரும்பினேன். கொஞ்ச நாளில் கப்பலும் நின்றுபோனது.

ஊரில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் மாமா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்றேன். அம்மா விட்டுப்போன பச்சைச் சேலையை வாரம் தவறாமல் துவைத்து, ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும்படி வேலியோரக் கயிற்றில் காயப்போட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் பக்கத்து வயலில் அந்தப் பெண்களோடு களை பிடுங்கினேன். அன்றுதான் பாட்டின் முடிவைக் கேட்டேன்.

"அவருக்கு மொண்டதண்ணி ஆரும் குடிக்காமல்
பூசணிக்கு ஊத்தினேனே பூவும்பிஞ்சும் ஆச்சுதையோ"

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. "பூசணி காய்க்குதுன்னா, அவன் திரும்பி வரப்போறான்னுதானே அர்த்தம்?" என்றேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. "அண்ணை படம் பாக்கிறது கூடிப்போச்சு," என்றாள் ஒருத்தி.

பாட்டெடுத்தவள் நிமிரவில்லை. "அவன் வரமாட்டான் எண்டு அவளுக்கு முதல் நாளே தெரியும், அண்ணை."

"அப்ப ரெண்டாவது குடம் எதுக்குங்க?"

"ஊருக்கு. ஒரு குடத்தோட போனா, மனுசன் எங்கை எண்டு கேப்பினமெல்லே. அதுக்காக ரெண்டு சுமந்தாள். ஆரும் பாக்காத நேரம் ஒண்டைப் பூசணிக்கு ஊத்தினாள். கடைசியில அந்தப் பூசணிதான் வேலியில ஏறிக் காய்ச்சு, அவளைக் காட்டிக் குடுத்தது."

கையிலிருந்த களையை வயல் வரம்பில் எறிந்துவிட்டுச் சொன்னாள்: "உங்கட பச்சைச் சீலை மாதிரித்தான். எப்பவும் அந்த ஒண்டைத்தானே அண்ணை காயப்போடுறியள்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'எப்ப வருவினம்' என்று அவர்கள் கேட்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். நான் சொன்னதை நம்பிவிட்டார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். குனிந்து வேகமாகப் பிடுங்கினேன். களையோடு இரண்டு மூன்று நெற்பயிரும் கையோடு வந்துவிட்டன. அவற்றை மறுபடி சேற்றில் ஊன்றினேன். அவளும் பார்த்தாள். அடுத்த பாட்டை எடுத்தாள்.

பாட்டின் அர்த்தம் இவ்வளவுதான், பிள்ளைகளே. மிச்சத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதா வேண்டாமா என்று நீங்களே பாருங்கள்.

அன்று வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். கயிற்றில் சேலை காய்ந்து கிடந்தது. எடுத்து மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தேன். பிறகு நான் கட்டியிருந்த, சேறு பட்ட சாரத்தைத் துவைத்து, அந்தக் கயிற்றில் அதை மட்டும் போட்டேன்.