பாலத்தில் குறுக்கே நின்ற கார்

ஐப்பசி மழைக்கு முன் காருக்கு டயர் மாற்ற, நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் கடை கடையாக ஏறி இறங்கினோம். நான்குமே தேய்ந்திருந்தன. எங்கள் வசதிக்கு இரண்டுதான் வாங்க முடிந்தது.

"ஸ்டியரிங் முன்னாடிதானே இருக்கு, புதுசை முன்னாடியே போட்டுடலாங்க" என்றாள் ஸ்டெல்லா. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து கொட்டும் மழையில் திரும்பிக்கொண்டிருந்தோம். காவிரிப் பாலத்தில் முன்னால் போன ஆட்டோ திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். முன்சக்கரங்கள் பிடித்துக்கொண்டன, தேய்ந்த பின்சக்கரங்கள் வழுக்கின. கார் சுழன்று, பாலத்தின் குறுக்கே நின்று அணைந்துபோனது.

என் பக்கக் கண்ணாடி முழுவதும் ஒரு பஸ்ஸின் விளக்கு.

"ஐயோ, எடுங்க!" என்று ஸ்டெல்லா கத்தினாள். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆகவில்லை.

பஸ் கிறீச்சிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. டிரைவர் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ பஸ்ஸை லேசாகக் குறுக்கே திருப்பி, பின்னால் வரும் வண்டிகளுக்கு வழியை அடைத்தார். பிறகு நனைந்தபடியே இறங்கி வந்தார்.

"பதறாதீங்க சார். என் வண்டியைத் தாண்டி எதுவும் வராது. நிதானமா எடுங்க."

பின்னால் ஹார்ன்கள் அலறின. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை இன்ஜின் உயிர்பெற்றது. நன்றி சொல்வதற்குள் அவர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மறுநாளே புது டயர்களைப் பின்னால் மாற்றினோம். இப்போதெல்லாம் மழையில் எந்த வண்டி தடுமாறி நின்றாலும், நான் ஹார்ன் அடிப்பதில்லை. அதன் பின்னால் விளக்கைப் போட்டுக் காத்து நிற்கிறேன்.