கடைசித் தாள்

திருவொற்றியூர் தேரடி அருகே வாடகை நூலகம் வைத்திருந்தவர் ஒல்லியானவர். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பார். மர்ம நாவல்களின் கடைசித் தாளைக் கிழித்து பிஸ்கட் டின்னில் வைத்துக்கொள்வார். புத்தகத்தைத் திருப்பித் தந்தால்தான் அங்கேயே நின்று முடிவைப் படிக்கலாம்.

கண்ணால் பார்த்தே இயந்திரங்களை நிறுத்தும் இளம்பெண்ணின் கதையை ஒருநாள் திருப்பிக் கொடுத்தேன். மூன்று கொலைகள், ஐந்து சந்தேக நபர்கள். டிப்ளமா வகுப்பில் எதையும் பட்டியல் போட்டுப் படித்த பழக்கத்தில், அந்த ஐவரையும் நோட்டில் பட்டியல் போட்டிருந்தேன். வாரம் முழுக்க அதே யோசனை. அவர் டின்னை இரண்டு முறை கொட்டித் தேடினார். தாள் இல்லை.

"பேஜாரா பூட்சேம்மா. நான் படிச்சிகீறேன், சொல்றேன். உனுக்கு யாரு மேல டவுட்டு?"

"டாக்டர் மேல."

"அட, கரீட்டா புட்சிட்டியே! டாக்டருதான். அந்தப் பொண்ணு பாவம், ஒண்ணியும் பண்ல."

காதுப் பென்சிலை எடுத்து, கையோடு கொண்டுபோயிருந்த என் நோட்டுப் பட்டியலில் டாக்டருக்கு டிக் போட்டார். பெருமையாக வீடு திரும்பினேன்.

சில வருடங்கள் கழித்து, ராயபுரத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் அதே நாவல் கடைசித் தாளோடு கிடைத்தது. மூன்று கொலைகளையும் செய்தவள் அந்தப் பெண்தான். என் பட்டியலில் அவள் பெயரே இல்லை.

அந்த டிக் என் நோட்டில் இன்னும் இருக்கிறது. அவர் அந்தக் கதையைப் படித்திருந்தாரா என்பதுதான் தெரியவில்லை.