புதன்கிழமைச் சிரிப்பு

“என் புருஷன் முதுகுல கிறுக்கறதுக்கு உனக்கு யாரு சம்பளம் குடுக்கறா?” என்று காபி மேசையிலேயே கேட்டுவிட்டாள் தூரா.

“நகராட்சிதான்” என்றாள் மெரெத்தே. வாயில் கேக்கோடு இருந்த எனக்குப் புரையேறிவிட்டது.

தூரா என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் வில்லாஸ் துபொரோன் துறைமுகத்தில் மீன்படகு ஓட்டியவன். முதலில் காது போயிற்று, பிறகு கண். வாய் மட்டும் போகவில்லை. அவனுக்கு எதையாவது சொல்ல வேண்டுமென்றால் உள்ளங்கையில் எழுத வேண்டும். தூரா எழுதியதெல்லாம் ‘வா, சாப்பிடு, குளி’. சவரம் செய்துவிட்டாள், மீனில் முள் எடுத்துக் கொடுத்தாள், பேச்சு மட்டும் கிடையாது.

கண்ணும் காதும் போனவர்களுக்குத் துணையாக நகராட்சி அனுப்புகிறவள் மெரெத்தே. புதன்கிழமை வருவாள். அவள் மணிக்கட்டில் இருக்கும் பின்னல் தோல்பட்டையைத் தடவிப் பார்த்து ஆள் யாரென்று வில்லாஸ் தெரிந்துகொள்வான். பிறகு அவள் அவன் முதுகில் விரலால் சொல்வாள்: யார் வந்தது, யார் சிரிக்கிறது, யார் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறது. அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான். தூரா அடுக்களையில் பாத்திரத்தை உருட்டுவாள்.

“உழைக்கறது நான். இளிக்கறது அவகிட்ட.”

“நீயும் முதுகுல எழுதேன், யாரு வேணாங்கறா?” என்றேன்.

“அவகிட்டப் போய் நான் கத்துக்கணுமாக்கும்.”

அதற்குப் பதிலாகச் சந்தையில் அதே மாதிரிப் பட்டை ஒன்று வாங்கினாள். ஒரு புதன்கிழமை மெரெத்தேவுக்கு போன் போட்டு, இவருக்குக் காய்ச்சல், வராதே என்றாள். தன் கை என்று தெரியாதிருக்கக் கையுறை மாட்டி, அதற்கு மேல் பட்டையைக் கட்டிக்கொண்டு கையை நீட்டினாள். வில்லாஸ் தடவினான். முகம் மலர்ந்துவிட்டது.

“வந்துட்டியா மெரெத்தே? துறைமுகத்துக்குப் போலாம். தூராகிட்டச் சொல்லாத. அவ வந்தா காத்தடிக்குது, கால் வழுக்குதுன்னு பாதி வழியிலயே இழுத்துட்டு வந்துடுவா.”

தூராவின் முகத்தை நான் பார்த்தேன். எரிகிற அடுப்புதான். இருந்தாலும் கூட்டிப் போனாள். நானும் போனேன், இந்தக் கூத்தை விடுவேனா?

படகுத்துறையில் அவன் முதுகைக் காட்டி நின்றான். “என்ன வந்துருக்கு, சொல்லு.”

தூரா மறு கையின் கையுறையைக் கழற்றி, சின்னப் பிள்ளை வரைவதுபோல ஒரு படகை அழுத்தி அழுத்தி வரைந்தாள்.

“இது படகா, பூட்ஸா? குடிச்சுட்டு வந்தியா மெரெத்தே?” கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

தூராவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். திரும்பும்போது என்னிடம் பல்லைக் கடித்தாள்.

“அந்தச் சிரிப்பும் அவ கணக்குல போச்சு டாக்னி. வரைஞ்சது நான்.”

பட்டை அன்றே அடுப்புக்குள் போயிற்று. அடுத்த புதன்கிழமை மெரெத்தேவைக் குளிர்கோட்டுக் கழற்றக்கூட விடவில்லை தூரா.

“சம்பளம் வாங்கற இல்ல? படகு எப்படிப் போடறதுன்னு சொல்லிக்குடு. நான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கேன்னு போட்டுக் குடுக்கறியே, அதையும்.”

சனிக்கிழமை என்னை நகைக்கடைக்கு இழுத்துப் போனாள். மெல்லிசான வளையல்களையெல்லாம் ஒதுக்கித் தள்ளினாள். “தொட்ட உடனே நாந்தான்னு தெரியணும். அவளோடத விடத் தடியாக் குடு.” நெல்லிக்காய் பருமனில் தேன்நிற அம்பர்க் கல்மணி கோத்தது ஒன்றைக் கடைக்காரன் எடுத்துவைத்தான். ஒரு மீனுக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிறவள், வாயைத் திறக்காமல் பணத்தை எடுத்தாள். ஆயிரத்து இருநூறு குரோனர்.